ஒன்பது படங்களில் ஒரு முடிவு

சென்ற மாதம் ஒரு செய்தி வந்தது. முன்பு என்னோடு வேலை பார்த்த தம்பி அனுப்பியது. "அக்கா, நாவலை முடித்துவிட்டேன். மின்னூலாகப் போடப்போகிறேன். எந்தத் தளத்தில் போட்டால் ராயல்டி அதிகம் கிடைக்கும்?" இதே கேள்வியை வைத்துக்கொண்டு நான்கு வருடங்களுக்கு முன்னால் நானும் தூக்கம் கெட்டவள் என்பதால் உற்சாகமாகப் பதில் எழுத உட்கார்ந்தேன். இந்தத் தளத்தில் இத்தனை சதவீதம், அந்தத் தளத்தில் இத்தனை, இதில் பணம் வர இத்தனை நாள் என்று அரை மணி நேரம் தட்டச்சு செய்தேன். பிறகு மொத்தத்தையும் அழித்தேன். எழுதியதில் தவறான தகவல் எதுவும் இல்லை. ஆனால் ஆற்றின் ஆழத்தைச் சொல்லாமல் ஓடக்கூலியை மட்டும் சொல்வதுபோல் இருந்தது.

என் தொலைபேசியில் ஒன்பது படங்கள் இருக்கின்றன. ஒரு வாசிப்புக் கருவியின் திரையை, மேசை விளக்கின் வெளிச்சம் விழும்படி, கொஞ்சம் சாய்வாக எடுத்த படங்கள். நான் எழுதிய குறுநாவலின் கடைசிப் பக்கங்கள் அவை. எடுத்தவர் ஒரு வாசகர். அந்தப் பக்கங்கள் வேறெந்த வடிவிலும் என்னிடம் இல்லாமல் போனது எப்படி என்பதைச் சொன்னால்தான் தம்பியின் கேள்விக்குப் பதில் சொன்னதாகும்.

பத்தொன்பது முறை

அந்தக் குறுநாவலில் இரண்டு சகோதரிகள். பதினெட்டு வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லை. மூத்தவள் தங்கைக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்குகிறாள். கதை முழுக்க அதை எழுதிக்கொண்டே இருக்கிறாள். இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். ஒன்றிலிருந்து பதில் இல்லை. இன்னொன்றில் அன்பாகவே சொன்னார்கள்: "நன்றாக இருக்கிறது, ஆனால் தனிப் புத்தகமாகப் போட்டால் முதுகில் பெயர் அச்சிடக்கூட இடம் இருக்காது. இன்னும் இரண்டு கதை சேர்த்துக் கொடுங்கள்." சேர்க்க என்னிடம் எதுவும் இல்லை. மின்னூலுக்கு முதுகு கிடையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மின்னூல் கோப்பு என்பது எனக்கு அதுவரை ஏதோ மாயப்பெட்டி. ஒருநாள் விளையாட்டாக, மின்னூல் வடிவமான ஈபப் கோப்பின் பெயர் நீட்சியை, பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் ஜிப் என்று மாற்றித் திறந்து பார்த்தேன். உள்ளே என் அத்தியாயங்கள் ஒவ்வொன்றும் ஒரு சின்ன இணையப் பக்கமாக, வரிசையாக, அடக்கமாக உட்கார்ந்திருந்தன. விஷயம் அவ்வளவுதான். 1993-ல் வந்த பிடிஎஃப் வடிவம் பக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எந்தத் திரையில் திறந்தாலும் பதினேழாம் பக்கம் பதினேழாம் பக்கம்தான். 2007-ல் பொதுத்தரமாக வந்த ஈபப் அப்படியில்லை. எழுத்துகள் தண்ணீர் மாதிரி பாத்திரத்துக்கு ஏற்ப ஓடிக்கொள்ளும். வாசிப்பவர் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கங்கள் கூடும், சிறிதாக்கினால் குறையும். பக்க எண் என்பது வாசகரின் கண்ணைப் பொறுத்த விஷயமாகிவிடுகிறது. இது அப்போது எனக்கு வெறும் தொழில்நுட்பத் தகவல். பின்னால் அதன் அர்த்தம் வேறு மாதிரி புரிந்தது.

வெளியான மூன்றாம் நாளே முதல் பிழை கண்ணில் பட்டது. ஆறாம் அத்தியாயத்தில் தங்கையின் கணவருக்கு, நான் முதல் வரைவில் வைத்திருந்த பழைய பெயர் ஒரே ஓர் இடத்தில் தங்கிவிட்டிருந்தது. அச்சுப் புத்தகமாக இருந்தால் நெஞ்சு அடைத்திருக்கும். இங்கே பத்து நிமிடத்தில் திருத்தி, புதிய கோப்பைப் பதிவேற்றிவிட்டேன். அந்த வசதி கொடுத்த கிறக்கத்தை எப்படிச் சொல்வது! அடுத்த வாரம் சந்திப்பிழைகள். நம் மொழியில் எழுதுகிறவர்களுக்கு வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்ற கவலை சாகும்வரை தீராது; "எழுதிப் பார்த்தாள்" என்பதில் ஒரு 'ப்' விடுபட்டதற்காக ராத்திரி எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். பிறகு ஒரு வர்ணனை நீளமாகத் தோன்றியது, வெட்டினேன். வெட்டியது பிடிக்கவில்லை, பாதியைத் திரும்ப ஒட்டினேன். ஐந்து மாதத்தில் பத்தொன்பது முறை பதிவேற்றியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பழைய கோப்பின் மேலேயே புதியதைச் சேமித்தேன். பழையதை எதற்கு வைத்திருக்க வேண்டும், அதில்தான் பிழை இருக்கிறதே என்பது என் வாதம்.

பதினாறாவது திருத்தம் சந்திப்பிழை அல்ல. ஒருவர் இரண்டு நட்சத்திரம் கொடுத்து ஒரு விமர்சனம் எழுதியிருந்தார்: "நன்றாகத்தான் போகிறது. ஆனால் முடிவே இல்லை. ஆசிரியருக்கு முடிக்கத் தெரியவில்லை." முதலில் நான் எழுதிய முடிவில் மூத்தவள் கடிதத்தை எழுதி முடிக்கிறாள், மடிக்கிறாள், அனுப்பாமல் அலமாரியில் வைக்கிறாள். கதை அங்கே நிற்கும். அந்த விமர்சனத்தைப் படித்த இரவு எனக்குள் இருந்த எழுத்தாளர் எங்கோ போய்விட்டார்; இரண்டு நட்சத்திரத்தை நான்காக்க விரும்பும் ஒரு கடைக்காரி மட்டும் மிச்சம். கடிதத்தைத் தபாலில் சேர்த்தேன். தங்கை தொலைபேசியில் அழைத்தாள். இருவரும் அழுதார்கள். பதிவேற்றிவிட்டுப் படுத்தேன். ஒரே கோப்பைப் பல கடைகளுக்கு அனுப்பும் வழியில் நான் வெளியிட்டிருந்ததால், சில கடைகளில் மறுநாளே மாறியது, சிலவற்றில் சில நாட்கள் பிடித்தன. அந்த இடைவெளியில் என் கதாநாயகி ஒரு கடையில் கடிதத்தை அனுப்பியும் இன்னொரு கடையில் அனுப்பாமலும் இருந்தாள். அப்போது அது எனக்கு வேடிக்கையாகவே இருந்தது.

ஒரு மின்னஞ்சல்

ஏழெட்டு மாதம் கழித்து அந்த மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்றவர், கண் பார்வை கொஞ்சம் மங்கியவர், எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள முடிகிறது என்பதற்காகவே மின்னூல் படிக்கத் தொடங்கியவர். இவ்வளவும் கடிதத்திலிருந்தே தெரிந்தது; மற்றதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. "வணக்கம். உங்களிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். கேட்பது தவறென்றால் மன்னிக்கவும்" என்று ஆரம்பித்திருந்தார்.

நூல் வந்த புதிதில் அதைத் தன் வாசிப்புக் கருவியில் படித்திருக்கிறார். கடைசிப் பக்கங்களை மூன்று நான்கு முறை படித்திருக்கிறார். அவருக்கும் தன் தங்கையோடு பேச்சு நின்று வெகுகாலம். அண்மையில் அந்தத் தங்கை உடல்நலம் குன்றிப் படுத்திருந்தபோது, ஒருவழியாகப் பார்க்கப் போயிருக்கிறார். என்ன பேசுவது என்று தெரியவில்லை. பேசுவதற்குப் பதிலாக இந்தக் கதையின் கடைசிப் பகுதியைப் படித்துக் காட்டலாம் என்று தோன்றியிருக்கிறது. கருவியை எடுத்துப் போகவில்லை. தொலைபேசியில் செயலியை நிறுவி, தன் கணக்கில் நுழைந்து, நூலைப் பதிவிறக்கி, கடைசி அத்தியாயத்தைத் திறந்து வாசிக்கத் தொடங்கினார். கடிதம் தபாலில் போயிற்று. தங்கை தொலைபேசியில் அழைத்தாள். இருவரும் அழுதார்கள்.

"எனக்கு நினைவு தடுமாறுகிறதோ என்று பயந்துபோனேன்" என்று எழுதியிருந்தார். "பாதியில் நிறுத்திவிட்டேன். வீட்டுக்கு வந்து கருவியை எடுத்துப் பார்த்தேன். அதை இணையத்தோடு இணைத்தே பல மாதம் ஆகிறது. அதில் நான் படித்தது அப்படியே இருக்கிறது. இரண்டில் எது நீங்கள் எழுதியது?"

இந்தக் கேள்வியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கோபமே இல்லாத கேள்வி. என்னைத் திட்டியிருந்தால் பதில் சொல்வது எளிதாக இருந்திருக்கும். இரண்டுமே நான்தான் என்று எழுதி அழித்தேன். பழையதுதான் உண்மையானது என்று எழுதி அதையும் அழித்தேன். அது உண்மையானால் ஏன் மாற்றினாய் என்று அவர் கேட்கமாட்டார், நான் கேட்பேன். கடைசியில், அந்தப் பழைய முடிவையாவது அனுப்பிவைப்போம் என்று கணினியைத் திறந்தால் அது எங்கும் இல்லை. பத்தொன்பது முறை மேலெழுதிய ஒரே கோப்பு. காப்புநகல் வைத்த இடத்திலும் அதே புதிய கோப்பு, அழகாகப் புதுப்பிக்கப்பட்டு. பதிவேற்றிய இடத்திலும் கடைசியாகக் கொடுத்தது மட்டும்தான் எடுக்கக் கிடைத்தது. உலகத்தில் அந்த முடிவு மிச்சமிருந்த இடங்கள், இணையத்தோடு இணையாமல் கிடக்கும் சில வாசகர்களின் கருவிகள். அவர்களில் எனக்குத் தெரிந்தவர் இவர் ஒருவர்.

வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: "அந்தப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்ப முடியுமா?"

எதைத் திரும்பப் பெறலாம்

அதற்குப் பிறகு நான் தளங்களைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. புதிதாக எழுதுகிறவர்கள் எல்லாரும் 'எவ்வளவு கிடைக்கும்' என்று கேட்கிறார்கள். நான் 'எதைத் திரும்பப் பெற முடியும், எதை முடியாது' என்று கேட்கத் தொடங்கினேன். கேட்டுப் பார்த்தால் ஒவ்வொரு வழியும் வேறு முகத்தைக் காட்டுகிறது.

எல்லாரும் முதலில் போய் நிற்கும், எழுத்தாளர்கள் தாங்களே நூல் வெளியிடும் தளமான அமேசானின் கேடிபியை எடுத்துக்கொள்வோம். 2007-ல் அமேசானின் வாசிப்புக் கருவியான கிண்டிலோடு சேர்ந்து வந்தது. விலை குறிப்பிட்ட வரம்புக்குள் (அமெரிக்கக் கடையில் 2.99 முதல் 9.99 டாலர்) இருந்தால் 70 சதவீத ராயல்டியைத் தேர்ந்தெடுக்கலாம், அதில் கோப்பின் அளவுக்கு ஏற்ப ஒரு விநியோகக் கட்டணம் கழியும், மற்றபடி 35 சதவீதம். இதைத்தான் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். நான் பார்க்கச் சொல்வது, பதிவேற்றும்போது நடுவில் வரும் ஒரு சின்னக் கட்டத்தை. செலக்ட் திட்டத்தில் சேர்கிறீர்களா என்று கேட்கும் கட்டம். டிக் செய்தால் 90 நாட்களுக்கு உங்கள் மின்னூல் வேறெங்கும் இருக்கக்கூடாது, உங்கள் சொந்தத் தளத்தில்கூட. மாதிரிக்காகப் பத்து சதவீதம் வரை வெளியே வைத்துக்கொள்ளலாம். 90 நாள் முடிந்ததும் நீங்கள் நிறுத்தாவிட்டால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். பதிலுக்கு, சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் வாசகர்களுக்கு நூல் போகும். நான் இதை மோசம் என்று சொல்லவில்லை. யாருக்கும் பெயர் தெரியாத எழுத்தாளருக்கு, காசு கொடுத்து வாங்கத் தயங்கும் வாசகர் சந்தாவில் இருப்பதால் புரட்டிப் பார்க்கிறார் என்பது பெரிய விஷயம். 90 நாள் என்பது திரும்பி வரக்கூடிய தூரம்தான், முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தால்.

அந்தச் சந்தாத் திட்டம் எழுத்தையே எப்படி வளைத்தது என்பது தனிக்கதை. 2014-ல் தொடங்கியபோது, வாசகர் நூலில் பத்து சதவீதத்தைத் தாண்டினால் ஆசிரியருக்கு ஒரு தொகை. உடனே துண்டுத் துண்டான குட்டி நூல்கள் குவிந்தன. பத்துப் பக்க நூலில் பத்து சதவீதம் என்பது ஒரு பக்கம். 2015 ஜூலையில் படித்த பக்கத்துக்கு ஏற்பப் பணம் என்று மாற்றினார்கள். நூல்கள் வீங்கத் தொடங்கின. கடைசிப் பக்கத்துக்கு ஒரே தாவலில் போகும் இணைப்பை முதல் பக்கத்தில் வைத்து ஏமாற்றியவர்களும் உண்டு. இதையெல்லாம் சொல்வது, கூலி கொடுக்கும் விதம் மாறினால் கதையின் நீளமும் மாறும் என்று காட்டத்தான். என் குறுநாவலுக்குப் பக்கம் போதாது என்று அச்சுப் பதிப்பகம் சொன்னதும் இதே கணக்கின் இன்னொரு முனைதானே!

ஒரே கோப்பைக் கொடுத்தால் பல கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடைத்தரகுத் தளங்கள் அடுத்த வழி. 2008-ல் வந்த ஸ்மாஷ்வேர்ட்ஸும் 2012-ல் வந்த டிராஃப்ட்2டிஜிட்டலும் இதில் பழையவை. 2022-ல் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஆப்பிள், கோபோ, நூலகங்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் தனித்தனியாகப் போய் நிற்க வேண்டாம். விற்ற விலையில் பத்து சதவீத அளவுக்கு எடுத்துக்கொள்வார்கள். கொடுப்பது சுலபம். திரும்பப் பெறுவதுதான் அந்தந்தக் கடையின் வேகத்துக்கு ஏற்ப நடக்கும். இந்த வழியில் வெளியிட்டவர் ஒருநாள் மனம் மாறி, ஒரே கடையில் மட்டும் விற்கச் சொல்லும் செலக்ட் போன்ற திட்டம் ஒன்றில் சேர நினைத்தால், எல்லாக் கடைகளிலிருந்தும் நூல் இறங்கிவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்த பிறகே சேர வேண்டும்.

தொடர்கதைச் செயலிகளில், 2006-ல் தொடங்கிய வாட்பேட் போன்றவற்றில், பணத்தைவிடத் துணை கிடைக்கும். ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்திலேயே வாசகர் எழுதிவிட்டுப் போகும் வரிகளைப் படித்தவர்களுக்கு அந்தச் சுகம் புரியும். ஆனால் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் நின்றுகொண்டு இரண்டாம் அத்தியாயத்தில் செத்தவரை உயிர்ப்பிக்க முடியாது. திருத்தலாம், படித்தவர்கள் படித்தது படித்ததுதான். இன்னொன்றும் உண்டு. பல இதழ்களும் போட்டிகளும் இணையத்தில் பொதுவெளியில் வந்ததை ஏற்கெனவே வெளியான படைப்பாகவே கருதுகின்றன. 'முதல் வெளியீடு' என்பதை ஒருமுறைதான் கொடுக்க முடியும். நூலை எடுத்துவிட்டாலும் அது திரும்பி வராது. ஒரு நல்ல சிறுகதையை நாலு பேர் பார்க்கட்டும் என்று அவசரமாகப் போட்டுவிட்டு, பிறகு அதையே இதழுக்கு அனுப்ப முடியாமல் தவித்தவள் சொல்கிறேன்.

திரும்பப் பெறவே முடியாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிற நேர்மை, படைப்பை யாரும் பகிரலாம் என்று முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களுக்கு உண்டு. 2002-ல் முதல் உரிமங்கள் வந்தன. இந்த உரிமத்தில் கொடுத்த நூலை நீங்கள் உங்கள் தளத்திலிருந்து எடுத்துவிடலாம். ஆனால் ஏற்கெனவே பெற்றவர்கள் அதே நிபந்தனையில் அதைப் பகிர்ந்துகொண்டே இருக்கலாம். வணிகத்துக்குக் கூடாது, மாற்றக்கூடாது என்றெல்லாம் நிபந்தனை வைக்க வழியுண்டு, அதைக் கொடுக்கும் முன்பே யோசிக்க வேண்டும். என் பழைய கதைகள் சிலவற்றை இப்படிக் கொடுத்தேன். ஒன்றை யாரோ ஒலிநூலாக வாசித்திருக்கிறார். ழகரம் வரும் இடமெல்லாம் எனக்குப் பல் கூசுகிறது. ஆனாலும் அந்தக் கதையை என்னைவிட அதிகம் பேருக்குக் கொண்டுபோனவர் அவர்தான்.

கடைசியாக, டிஜிட்டல் உரிமையையும் சேர்த்துக் கேட்கும் பதிப்பகங்கள். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அச்சுக்காலத்து ஒப்பந்தங்களில் ஆசிரியருக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது: நூல் விற்றுத்தீர்ந்து, மறுபதிப்பு போடாமல் விட்டால் உரிமை ஆசிரியரிடம் திரும்பும். 'அச்சில் இல்லை' என்பதற்கு அப்போது அர்த்தம் இருந்தது, கிடங்கில் பிரதி இல்லை என்று அர்த்தம். மின்னூலுக்குக் கிடங்கு ஏது? வருடத்துக்கு ஒரு பிரதி விற்றாலும், விற்காமலே கிடந்தாலும் அது 'கிடைக்கிறது'. தேவைக்கேற்ப அச்சிடும் முறையும் அப்படியே. ஆகவே இத்தனை காலத்தில் இத்தனை பிரதிக்குக் கீழே விற்றால், அல்லது இத்தனை வருடம் ஆனால் உரிமை திரும்பும் என்று எண்ணைப் போட்டு எழுதாத ஒப்பந்தம், நடைமுறையில் ஆயுள் தண்டனை. சதவீதத்துக்குப் பேரம் பேசுகிறவர்கள் இந்த ஒரு வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மெய்ப்பில் இருந்த முடிவு

வாசகர் பக்கத்திலிருந்து பார்த்தால் இது இன்னும் கூர்மையாகிறது. 2009 ஜூலையில் அமேசான், ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்து தூரத்தில் இருந்தபடியே நீக்கியது. விற்பனைக்கு வைத்தவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். இரண்டில் ஒன்று '1984', பழைய ஆவணங்களைத் திருத்திக்கொண்டே இருக்கும் ஓர் அரசைப் பற்றியது. இப்படி ஒரு பொருத்தத்தைக் கதையில் வைத்தால் நம்பமாட்டார்கள். பணம் திரும்பியது, ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். எனக்கு மனதில் நிற்பது, வழக்குத் தொடுத்த ஒரு பள்ளி மாணவரின் குறை: நூலில் அவர் எழுதி வைத்த குறிப்புகள் எந்த வரிக்கு உரியவை என்று தெரியாமல் அநாதையாகிவிட்டன. 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடி, விற்ற நூல்களைத் திரும்ப எடுத்துக்கொண்டபோது, குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்கு மட்டும் கூடுதலாக 25 டாலர் கொடுத்தது. வாசகர் நூலுக்குள் ஏதோ சேர்த்துவைக்கிறார், அதற்கும் ஈடு கட்ட வேண்டும் என்று அவர்களுக்குக்கூடத் தோன்றியிருக்கிறது. நான் கட்டவில்லை.

முடிவை மாற்றியதற்காக என்னை நானே தேற்றிக்கொள்ள ஒரு பெரிய மனிதரைத் துணைக்கு அழைத்ததும் உண்டு. சார்லஸ் டிக்கன்ஸ் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலுக்கு முதலில் எழுதிய முடிவில் காதலர்கள் சேரவில்லை. எழுத்தாள நண்பர் புல்வர் லிட்டன் மெய்ப்பை, அதாவது அச்சுக்கு முந்தைய திருத்தப் படியைப் படித்துவிட்டு மாற்றச் சொன்னார், டிக்கன்ஸ் மாற்றினார். 1861-ல் வாசகர்கள் படித்தது மாற்றிய முடிவை. ஆனால் பழையது அழியவில்லை. மெய்ப்பில் இருந்ததை, டிக்கன்ஸ் இறந்தபின் அவருடைய நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் தான் எழுதிய டிக்கன்ஸ் வாழ்க்கை வரலாற்றில் அச்சிட்டார். இரண்டில் எது சிறந்தது என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். சண்டை போட இரண்டும் இருக்கின்றன. நான் இந்த ஒப்பீட்டை ரொம்ப தூரம் இழுக்க முடியாது என்று தெரியும். அவர் வாசகர் கைக்குப் போகுமுன் மாற்றினார், நான் போனபின். அவருக்கு ஃபார்ஸ்டர் இருந்தார். எனக்கு மேசை விளக்கின் கீழே கருவியைச் சாய்த்துப் பிடித்துப் படமெடுத்த ஒருவர்.

தம்பிக்குக் கடைசியில் எழுதிய பதில் நீளமானது. தளங்களைப் பற்றி மேலே சொன்னதையெல்லாம் சொன்னேன். ஒவ்வொரு பதிவேற்றத்துக்கும் கோப்பின் பெயரில் தேதியைப் போடு, பழையதன் மேல் சேமிக்காதே என்றேன். எழுத்துப்பிழையைத் திருத்துவது வேறு, கதையைத் திருத்துவது வேறு. கதையை மாற்றினால் அதை இரண்டாம் பதிப்பென்று சொல்லி, முன்பக்கத்தில் தேதியோடு போடு என்றேன். நூலுக்கு அடையாள எண் கொடுக்கும் ஐஎஸ்பிஎன் முறையிலும் இதே பாகுபாடுதான்: சின்னத் திருத்தத்துக்குப் பழைய எண்ணே போதும், உள்ளடக்கம் கணிசமாக மாறினால் புதிய எண் வேண்டும். கேடிபியில் மின்னூலுக்கு அந்த எண் கட்டாயமில்லை என்பதால் அந்தப் பழைய ஒழுங்கை நாமே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவன் "சரி அக்கா" என்று ஒரு வரி போட்டு, "ஆனால் ராயல்டி?" என்று மறுபடி கேட்டான். சிரித்துவிட்டேன். அதையும் சொன்னேன்.

என் நூலில் இப்போது இரண்டு முடிவுகளும் இருக்கின்றன, எது எந்தத் தேதியில் எழுதியது என்ற குறிப்போடு. அது நல்ல தீர்வு என்று எனக்கே நம்பிக்கை இல்லை. பழைய முடிவு என் கணக்குக்கு ஒன்றரைப் பக்கம். அவர் எழுத்தைப் பெரிதாக வைத்துப் படிப்பவர், ஆகவே ஒன்பது திரைகள், ஒன்பது படங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துத் தட்டச்சு செய்தேன். நானே எழுதியதை வேறு யாரோ எழுதியதுபோல் படித்துப் படித்து நகலெடுத்தேன். ஒன்பதாவது படத்தின் ஓரத்தில் கருவியைப் பிடித்திருந்த அவருடைய கட்டைவிரல் விழுந்து, கடைசிச் சொல்லை மறைத்திருந்தது. கடிதத்தை உள்ளே வைத்துவிட்டு மூத்தவள் அலமாரிக் கதவை என்ன செய்தாள்? "மூடினாள்" என்றுதான் எழுதியிருப்பேன் என்று அதையே தட்டச்சு செய்தேன். இரண்டு நாள் கழித்து, எதற்கும் கேட்டுவிடலாம் என்று அவருக்கு எழுதினேன்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. "சாத்தினாள் என்று இருக்கிறது. அதற்கப்புறம் நீங்கள் எதுவும் எழுதவில்லை. பூட்டினாள் என்று இல்லை. முதல்முறை படித்தபோதே அதைக் கவனித்தேன்."